பணத்தைக் கம்பெனி கட்டும். நோன்பை யார் நோற்பது?

சாலை விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் சொல், "அவருடைய ஹயாத்து அவ்வளவுதான்" என்பது. மையித்து வீட்டில் அழுதுகொண்டிருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் அது ஆறுதலான சொல். ஈமானுள்ள சொல்லும்கூட. ஆனால் அதே சொல்லை வண்டி ஓட்டியவர் சொன்னால்? வண்டியின் சொந்தக்காரர் சொன்னால்? "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று அவர்கள் கையை உதறிவிட்டால் அது ஈமானா, தப்பித்துக்கொள்ளும் தந்திரமா? இந்த வினாவை நான் கிதாபில் சந்திக்கவில்லை. பள்ளிவாசலின் வராந்தாவில், ஒரு நள்ளிரவில் சந்தித்தேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் இமாமத் செய்து வருகிறேன். வெள்ளிமலைக்கும் அதற்கப்பாலுள்ள கிராமங்களுக்கும் போகும் வண்டிகள் எங்கள் பகுதியைத் தாண்டித்தான் மலையேற வேண்டும். மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் கடுக்காயும் புளியும் இறங்கும். கீழேயிருந்து அரிசியும் உரமும் ஏறும். பஸ் வராத நேரத்தில் மலைவாழ் மக்கள் சரக்கு வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டு வருவது அங்கே அன்றாடக் காட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பின் அத்தகைய ஒரு வண்டி எங்கள் பள்ளிவாசல் முன்னாலிருந்து கிளம்பியது. வாசலில் நின்ற நான் அதைப் பார்த்தேன். ஓட்டியவன் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன். இரவு திரும்பி இறங்கும்போது, ஒரு வளைவில், ஓரமாக நடந்துவந்த மலையாளி இனத்தவர் ஒருவர் மீது வண்டி மோதிவிட்டது. வண்டியும் சரிந்தது. பின்னால் ஏறிவந்த ஒரு கூலித் தொழிலாளியின் கால் நசுங்கிற்று. பையன் ஓடி ஒளியவில்லை. இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தான். நடந்துவந்தவர் அன்றிரவே இறந்துவிட்டார்.

நள்ளிரவில் பையனின் அத்தா, அண்ணன், உறவினர் இருவர் என்று நால்வர் என்னிடம் வந்தனர். பையன் வாசற்படியோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அத்தா சொன்னார்:

"ஹஜ்ரத், சின்னவனுக்கு லைசென்ஸ் இல்லை. பெரியவனுக்கு இருக்கிறது. காலையில் ஸ்டேஷனில் பெரியவன் ஓட்டினதாகச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறோம். வண்டி கிளம்பினதை நீங்கள் பார்த்தீர்கள் என்று ஊரே சொல்கிறது. யாராவது கேட்டால் பெரியவன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்ஷ்யூரன்ஸ் கிடைத்துவிடும். செத்தவன் குடும்பத்துக்கும் அது நல்லதுதானே?"

உடன் வந்தவர் இன்னொன்றையும் சேர்த்தார்: "கால் போனவர் சும்மா ஏறி வந்தவர் என்றால் கம்பெனி தராதாம். கிழங்கு மூட்டை அவருடையது என்று சொல்லிவிட்டால் அவருக்கும் பணம் வரும். பொய்தான், ஆனால் ஏழைக்கு நன்மை செய்கிற பொய்."

பதில் எளிது என்று நினைப்பவர்கள் ஒரு கணம் என் இடத்தில் இருந்து பார்க்கட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஐந்து வேளையும் என் பின்னால் நின்று தொழுகிறவர். இறந்தவரோ பரம ஏழை. பணம் தருவது ஒரு கம்பெனி, அது அழப்போவதில்லை. ஒரு வார்த்தையால் எல்லார் கண்ணீரும் துடைக்கப்படும் என்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன?

விதி குற்றத்தை அழிக்குமா?

முதலில் விதியின் கேள்வியை முடித்துக்கொள்வோம். ஓர் உயிர் அல்லாஹ்வின் அனுமதியின்றி, குறிக்கப்பட்ட தவணைக்கு முன் பிரிவதில்லை என்பது நம் அகீதா. ஆனால் அதே இறைவன்தான் திருமறையின் நான்காம் அத்தியாயமான அந்நிஸாவின் 92ஆம் ஆயத்தில், தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவர் மீது இரண்டு கடமைகளை விதிக்கிறான். ஒன்று, இறந்தவரின் குடும்பத்துக்கு ஒப்படைக்க வேண்டிய தியத் என்னும் உயிரீடு. இரண்டாவது, கஃப்பாரா என்னும் பரிகாரம். அது ஓர் அடிமையை விடுதலை செய்வது. அதற்கு வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்பது. விதி என்பது பொறுப்பை அழித்துவிடுமானால் இந்த ஆயத்துக்கே வேலையில்லை அல்லவா? இறந்தவரின் தவணை முடிந்தது அல்லாஹ்வின் நாட்டம். அதில் நம் கை எப்படி இருந்தது என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின்பாலே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். பிரேக்கைச் சரிபார்ப்பதும் விதிதான். பார்க்காமல் விடுவதும் விதிதான். எந்த விதியை நாம் கையில் எடுத்தோம் என்பதற்கே விசாரணை.

"தவறுதலுக்கு அல்லாஹ் மன்னிப்பளித்துவிட்டான் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று சிலர் கேட்பர். உண்மை. வேண்டுமென்று செய்த கொலையின் பாவம் அவர் மீது இல்லை. ஆனால் ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ஹிதாயாவில் இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் ஒரு நுட்பத்தைச் சுட்டுகிறார்கள். தவறுதலாகக் கொன்றவருக்குக் கொலையின் பாவம் இல்லாவிடினும், எச்சரிக்கையை முழுமையாகக் கைக்கொள்ளாத பாவத்திலிருந்து அவர் நீங்கியவரல்லர். கஃப்பாரா விதிக்கப்பட்டிருப்பதே அதற்கு அடையாளம் என்பது அவர்கள் விளக்கத்தின் சாரம். இன்றைய கோர்ட்டுகள் "அஜாக்கிரதை" என்று சொல்லும் விஷயத்தை நம் ஃபுகஹாக்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தனித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மாட்டுக் குளம்பும் வண்டிச் சக்கரமும்

மதரஸாவில் குதூரி ஓதும்போது, கால்நடைகளால் ஏற்படும் சேதத்தைப் பற்றிய பாடம் வரும். சவாரி செய்பவரின் பிராணி முன்னங்காலால் மிதித்தால், தலையால் முட்டினால், வாயால் கடித்தால் அவர் பொறுப்பாளி. ஓடும்போது பின்னங்காலால் உதைத்தால், வாலால் அடித்தால் பொறுப்பில்லை. ஆனால் பாதையில் நிறுத்தி வைத்திருக்கும்போது உதைத்தால் அதற்கும் பொறுப்பாளி. ஷாஃபிஈ மத்ஹபில், பிராணியுடன் இருப்பவர் அது செய்யும் சேதத்துக்கெல்லாம் பொறுப்பாளி. பஸ்ஸிலும் லாரியிலும் போகும் காலத்தில் இது எதற்கு என்று மாணவர்களாகிய நாங்கள் சிரித்ததுண்டு. அந்த இரவுக்குப் பிறகுதான் பாடத்தின் உயிர் எனக்குப் புரிந்தது.

அந்த மஸ்அலாக்களின் அடியில் இருப்பது ஒரே விதி. பொதுப் பாதையில் போவது எல்லாருக்கும் உள்ள உரிமை. ஆனால் தவிர்த்துக்கொள்ள முடிந்த தீங்கைத் தவிர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த உரிமை அது. முன்னால் மிதிபடுவதைக் கடிவாளம் பிடித்தவர் தவிர்க்கலாம், ஆகவே பொறுப்பாளி. ஓடும் குதிரையின் பின்னுதையை அவர் தவிர்க்க இயலாது, ஆகவே பொறுப்பில்லை. பாதையில் நிறுத்தாமலிருப்பது அவர் கையில் உள்ளது. ஆகவே நிறுத்தினால் முழுப் பொறுப்பு.

இதை நம் கள்ளக்குறிச்சிச் சீமையில் வைத்துப் பாருங்கள். அரைவைக் காலத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் பழுதாகி, பின்விளக்கோ சிவப்புத் துணியோ இல்லாமல் இருட்டில் ரோட்டோரம் நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் வருபவர் அதில் மோதி இறக்கிறார். "நான் நின்றுகொண்டுதானே இருந்தேன், அவர்தானே வந்து மோதினார்" என்பார் டிராக்டர்க்காரர். பாதையில் பிராணியை நிறுத்தியவரின் மஸ்அலாவை ஓதியவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மக்காச்சோளத்தையும் உளுந்தையும் தார்ரோட்டில் காயப்போட்டுச் சுற்றிக் கல் வைக்கிறோம். தானியம் அள்ளியபின் கல் அங்கேயே கிடக்கிறது. பொதுப் பாதையில் கல் வைத்தவர், நீர் ஊற்றியவர், குழி தோண்டியவர் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்று ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அகற்றுவது ஈமானின் கிளையானால், கொண்டுவந்து வைப்பது எதன் கிளை?

நேரே செய்தவரை முபாஷிர் என்றும், காரணமாக அமைந்தவரை முதஸப்பிப் என்றும் ஃபுகஹாக்கள் பிரிப்பர். நேரே செய்தவர் வரம்பு மீறாவிடினும் ஈடு செய்வார். காரணமானவர் வரம்பு மீறியிருந்தால் மட்டுமே பொறுப்பாவார். 1993 ஜூன் மாதம் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதே அடிப்படையில்தான் வாகன விபத்துகளைப் பற்றித் தீர்மானம் செய்தது. போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது மார்க்கப்படியும் கடமை என்றது. ஓட்டுபவர் தம்மால் நேரும் சேதத்துக்குப் பொறுப்பாளி. தடுக்கவே முடியாத பெருஞ்சக்தி குறுக்கிட்டாலோ, அடிபட்டவரின் செயலே முழுக்காரணமானாலோ, மூன்றாமவர் ஒருவரின் தவறே காரணமானாலோ மட்டும் விலக்கு என்றது.

இருவர் மீதும் தவறு இருந்தால்? இரண்டு குதிரைவீரர்கள் மோதி இருவரும் இறந்தால் என்ன என்ற மஸ்அலா கிதாபுகளில் உண்டு. ஹனஃபி மத்ஹபில், ஒவ்வொருவர் தரப்பும் மற்றவருக்கு முழு தியத் தர வேண்டும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடம், ஒவ்வொருவரும் தம் மரணத்துக்குத் தாமும் பாதி காரணம். ஆகவே பாதி தியத். இன்று தீர்ப்பாயங்கள் இறந்தவர் மீதும் இத்தனை சதவீதம் தவறு என்று கணக்கிட்டு நஷ்ட ஈட்டைக் குறைக்கும்போது ஏறத்தாழ இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கின்றன.

மூன்று கோர்ட்டுகள்

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதற்குப் பதிலாக 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும், சாலையில் பிறருக்கு நேரும் தீங்குக்காக ஒவ்வொரு வண்டியும் இன்ஷ்யூரன்ஸ் செய்திருக்க வேண்டும் என்கின்றன. வணிக இன்ஷ்யூரன்ஸில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருப்பதால் உலமாக்கள் அதை அனுமதிப்பதில்லை. ஆயினும் சட்டம் கட்டாயப்படுத்தும் இந்த மூன்றாம் தரப்புப் பாலிசியை நிர்ப்பந்தம் என்ற வகையில் பலரும் ஏற்றிருக்கின்றனர்.

இதன் நோக்கத்தில் நம் மார்க்கத்தோடு ஒத்த ஒரு சாயலும் உண்டு. ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவள் இறந்தபோது, தியத்தைக் கல்லெறிந்தவளின் ஆகிலா, அதாவது அவளைச் சார்ந்த ஆண் உறவினர் கூட்டம் தர வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் காலத்தில், ஒரே பதிவேட்டில் ஊதியம் பெறும் படையினர் கூட்டத்தின் மீது அப்பொறுப்பு வைக்கப்பட்டது. ஹனஃபிகள் அதையே எடுத்துக்கொண்டனர். தவறியவர் ஏழையானால் இறந்தவரின் குடும்பம் வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரு கணத் தவறால் தவறியவரின் குடும்பமும் அழியக்கூடாது. பலர் தோள் கொடுக்க வேண்டும் என்பதே அதன் ஹிக்மத்.

நம் கோர்ட்டுகளின் வரலாறும் இந்த வழியில் மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலே இரவில் சென்ற ஒரு பஸ், தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பட்டு எட்டுப் பேர் அங்கேயே இறந்தனர். குற்றவியல் வழக்கில் டிரைவர் விடுதலையானார். ஆகவே நஷ்ட ஈடும் இல்லை என்று பஸ் முதலாளிகள் வாதாடினர். 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. தண்டனைக்குத் தேவைப்படும் சாட்சியத்தின் அளவு வேறு, நஷ்ட ஈட்டுக்குத் தேவைப்படும் அளவு வேறு. அங்குமிங்கும் உள்ள சிறு சந்தேகங்களைக் காட்டி முதலாளிகள் தப்பிவிடக்கூடாது என்பது தீர்ப்பின் கருத்து. 1986இல் ஒரு ஜீப்பின் டயர் வெடித்து, வண்டி கவிழ்ந்து, நடந்து சென்ற ஒரு ஹாஜியார் இறந்தார். யார் மீதும் தவறில்லை என்று தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியது. 2001இல் உச்ச நீதிமன்றம், தவறில்லாவிடினும் பொறுப்பு உண்டு என்று கூறி நஷ்ட ஈடு வழங்கியது. முபாஷிர் வரம்பு மீறாவிடினும் ஈடு செய்வார் என்ற நம் விதியை நினைவூட்டும் தீர்ப்பு அது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் முதல், யார் தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கோர வழி இருக்கிறது.

ஆக, ஒரு விபத்துக்கு மூன்று கோர்ட்டுகள். முதல் கோர்ட்டு, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தால் தண்டிக்கிறது. இரண்டாவது, எது நிகழ்ந்திருக்கக் கூடும் என்று எடைபோட்டுப் பணம் கொடுக்கச் சொல்கிறது. மூன்றாவதில் சாட்சியும் தேவையில்லை, எடைபோடவும் வேண்டாம். அங்கே நீதிபதி அறிந்தவன். முதல் இரண்டில் வென்றவர் மூன்றாவதிலும் வென்றுவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் நம் மக்களின் பெரும் மயக்கம். தம் வாதத்திறமையால் வென்றவருக்குத் தம் சகோதரரின் உரிமையிலிருந்து எதையேனும் நாம் தீர்ப்பளித்துவிட்டால், அது நெருப்பின் ஒரு துண்டே என்று எச்சரித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்களுடைய தீர்ப்பே பொய்யான உரிமையை ஹலாலாக்காது என்றால், இன்றைய தீர்ப்பாயத்தின் உத்தரவு எப்படி ஆக்கும்?

யாருக்கு நன்மை செய்யும் பொய்?

இனி அந்த இரவின் கேள்விக்கு வருவோம். இரண்டு பொய்கள் முன்வைக்கப்பட்டன. இரண்டும் ஒன்றல்ல.

முதல் பொய், ஓட்டியவர் யார் என்பது. "செத்தவர் குடும்பத்துக்கு நல்லது" என்றார்கள். அதிலும் உண்மை இல்லை. ஓட்டியவருக்கு முறையான லைசென்ஸ் இல்லையென்றாலும், சாலையில் சென்ற மூன்றாமவர் இறந்தால் கம்பெனி முதலில் அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அதன்பின் எத்தனையோ வழக்குகள் அவ்வழியில் முடிந்திருக்கின்றன. ஆகவே பெயரை மாற்றுவதால் இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு காசும் கூடப்போவதில்லை. வண்டிச் சொந்தக்காரரின் பணம் மட்டுமே தப்புகிறது. ஏழையின் பெயரைச் சொல்லி நம் மடியைக் காக்கும் பொய் அது. இப்படித்தான் பல பொய்கள் ஏழையின் சட்டையை மாட்டிக்கொண்டு வருகின்றன. அதை நான் சொன்னதும் அத்தாவின் முகம் மாறிவிட்டது.

இரண்டாவது பொய் கடினமானது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்தவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு வந்தால் மட்டும் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. பின்னர் 2004இல், அத்தகைய ஒரு வழக்கில் முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதுண்டு. ஆனால் எல்லா வழக்கிலும் அது கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே "மூட்டை அவருடையது" என்ற பொய், கால் இழந்த ஓர் ஏழைக்கு மெய்யாகவே பணம் தேடித் தரலாம். அதை மறுக்க முடியாது. அப்படியானால்?

அந்நிஸாவின் 135ஆம் ஆயத் இந்த இடத்தில் நம் கையைப் பிடிக்கிறது. உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்துச் சாட்சி சொல்லுங்கள் என்று கட்டளையிட்டதோடு அல்லாஹ் நிறுத்தவில்லை. ஒருவர் செல்வராயினும் ஏழையாயினும் அவ்விருவர் விஷயத்திலும் அல்லாஹ்வே அதிக உரிமையுள்ளவன் என்று சேர்க்கிறான். செல்வருக்குப் பயந்து சாட்சியை மாற்றக்கூடாது என்பது எல்லாருக்கும் புரியும். ஏழையின் மீதுள்ள இரக்கத்தாலும் மாற்றக்கூடாது என்பதை எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? ஏழைக்கு இரங்க உனக்குச் சாட்சி நாவு தரப்படவில்லை. உன் கையும் பையும் தரப்பட்டிருக்கின்றன என்பதே அதில் நான் கண்ட பாடம்.

இரக்கத்தால் தொடங்கும் பொய் இரக்கத்தோடு நிற்பதும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்துக் கோரிக்கைகள் பெருகி, 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்பு விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்குப் போயிற்று. பொய் வழக்குகள் மலியும்போது நிஜமாகவே அடிபட்டவரின் மனுவையும் அதிகாரிகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். நாளைக்கு மலையிலிருந்து இறங்கிவரும் இன்னொரு விதவை அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு கோர்ட்டுப் படியேற வேண்டியிருக்கும். இன்று நாம் செய்யும் "உதவி"யின் கடனை அவள் அடைக்கிறாள்.

வாசற்படியிலிருந்து வந்த கேள்வி

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னபின், உடன் வந்தவர் மெல்லச் சொன்னார்: "அவர் நம்மவர் இல்லையே ஹஜ்ரத், தியத், கஃப்பாரா எல்லாம் முஸ்லிமுக்குத்தானே?"

நான் அதே 92ஆம் ஆயத்தின் பிற்பகுதியை நினைவூட்டினேன். இறந்தவர் உங்களோடு உடன்படிக்கையுள்ள சமூகத்தவராயின் அவருடைய குடும்பத்துக்கும் தியத் உண்டு, கஃப்பாராவும் உண்டு என்று அல்லாஹ் அங்கே தனியாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறான். ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், ஒருவர் உயிருக்கு மற்றவர் பாதுகாப்பு என்ற உடன்பாட்டோடு வாழ்கிறோம். மலையில் கடுக்காய் பொறுக்கும் அந்த மனிதரின் உயிர், இறைவனின் அந்தப் புத்தகத்தில் மலிவான உயிரல்ல. அப்படிப்பட்டவரின் தியத் முஸ்லிமின் தியத்துக்குச் சமம் என்பதே இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மத்ஹபு.

கஃப்பாராவையும் விளக்கினேன். இன்று அடிமைகள் இல்லை. ஆகவே இரண்டு மாதம் இடைவிடாத நோன்பு. இடையில் காரணமின்றி ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரமளானும் பெருநாட்களும் தஷ்ரீக் நாட்களும் குறுக்கிடாத மாதங்களாகப் பார்த்துத் தொடங்க வேண்டும். பணத்தைக் கம்பெனி கட்டலாம், ஆகிலா கட்டலாம், அத்தா கட்டலாம். நோன்பை யாரும் யாருக்காகவும் கட்ட முடியாது. ஓட்டியவர்தான் பசித்திருக்க வேண்டும்.

அதுவரை வாய் திறக்காதிருந்த பையன் அப்போது தலைநிமிர்ந்தான். "ஹஜ்ரத், அண்ணன் பெயரை எழுதிவிட்டால் அந்த நோன்பை யார் பிடிக்கிறது?" என்றான்.

யாரும் பதில் சொல்லவில்லை. அத்தா மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பேசிய மஸ்அலாக்கள் செய்யாத வேலையை அந்த ஒரு கேள்வி செய்தது. பெயரை மாற்றலாம். கஃப்பாராவை மாற்ற முடியாது. போலீஸ் ரிகார்டில் அண்ணன், அல்லாஹ்வின் ரிகார்டில் தம்பி என்றால், தம்பி தன் ஆயுள் முழுதும் இரண்டு ரிகார்டுகளுக்கு நடுவே வாழ வேண்டியிருக்கும்.

அப்போது என் மனத்தில் இன்னொரு முள் தைத்தது. அதை மறைத்து இக்கட்டுரையை எழுதினால் நானும் சாட்சியை மறைத்தவனாவேன். அந்தப் பையன் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது எனக்குத் தெரியும். பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை அதே வண்டியில் பள்ளிவாசலுக்கு மணல் வந்தது. நானே நின்று இறக்கச் சொன்னேன். ஜும்ஆவில் எத்தனையோ பேசினேன், இதைப் பேசியதில்லை. ஃபிக்ஹின் சட்டப்படி நான் முதஸப்பிப் அல்ல. எந்தக் கோர்ட்டும் என்னைக் கூப்பிடாது. ஆனால் தீமையைக் கண்டால் கையால், இல்லையேல் நாவால் தடுக்க வேண்டும் என்ற ஹதீஸை மிம்பரில் ஓதுகிறவன் நான். அந்த வாசலில் நின்று பார்த்த இரு கண்களுக்கும் ஒரு விசாரணை உண்டு.

பின்பு நடந்தது

மறுநாள் காலையில் பையன் தன் பெயரையே சொன்னான். வழக்கு நடந்தது, தண்டனையும் அபராதமும் வந்தன. இறந்தவர் குடும்பத்துக்குக் கம்பெனி பணத்தைக் கட்டி, பிறகு அத்தாவிடம் வசூலிக்க வந்தது. அவர் வண்டியை விற்றார். மீதிக்குத் தவணை கட்டினார். கால் இழந்தவருக்காக அவர் தம் கையிலிருந்து கொடுத்தது போக, எங்கள் ஜமாஅத்தில் ஸதகாவாக வசூல் செய்து கொடுத்தோம். ஜகாத்திலிருந்து அதை எடுக்கவில்லை. ஆனால் கடனில் மூழ்கிய அத்தாவுக்கு, ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு என்ற அடிப்படையில் ஜகாத்திலிருந்து கொடுத்தோம். கோத்திரமில்லாத இந்தக் காலத்தில் ஒரு ஜமாஅத் தன் கடமையை உணர்ந்தால் அதுவே ஒரு சிறு ஆகிலாதான். பொய் சாட்சியைக் கேட்டு வந்த வீட்டுக்கு, அது இல்லாமலே கைகொடுக்க வழியிருந்தது. முதலில் அதை நாம் யோசிப்பதில்லை. அதனால்தான் அவர்கள் பொய்யைத் தேடி வருகிறார்கள்.

அடிபட்ட குடும்பத்தினருக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். அதே ஆயத், குடும்பத்தார் தியத்தைத் தர்மமாக விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. அது அவர்கள் மனமுவந்து செய்வது. ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, "நம் ஜமாஅத்துப் பையன், மன்னித்துவிடு" என்று இத்தாவிலிருக்கும் விதவையை நெருக்குவது மன்னிப்பாகாது. சிறு பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் உரிமையில்லை. சமாதானம் செய்வது நல்லது. ஆனால் சட்டப்படி எவ்வளவு கிடைக்கும் என்பதை மறைத்துச் சொற்பத் தொகையில் கைரேகை வாங்குவது சமாதானமல்ல, மோசடி.

வரும் பணத்தில் பெண்ணின் உரிமையையும் மறக்க வேண்டாம். கணவரின் தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்றே உமர் (ரலி) அவர்கள் முதலில் கருதியிருந்தார்கள். அஷ்யம் என்ற ஸஹாபியின் மனைவிக்கு அவருடைய தியத்தில் பங்கு கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுதியனுப்பியதை ளஹ்ஹாக் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னதும், உடனே தம் கருத்தைக் கைவிட்டார்கள். அவ்வளவு பெரிய கலீஃபா திருந்திய விஷயத்தில், "மகன் போனான், பணம் எங்களுக்கு, நீ தாய்வீட்டுக்குப் போ" என்று சொல்லும் மாமனார் வீடுகள் இன்னும் இருக்கின்றனவே! பிள்ளைகளின் பங்கைத் தீர்ப்பாயங்கள் பாங்கியில் போட்டு வைக்கச் சொல்வதும் அனாதையின் பொருளைக் காப்பதற்கே. அந்தப் பணத்தில் பெரியப்பா வீட்டுக்குக் கூரை போடுபவர், தம் வயிற்றில் நெருப்பை நிரப்புவதாகக் குர்ஆன் சொன்னவர்களில் தாமும் ஒருவரா என்று கேட்டுப் பார்க்கட்டும்.

அந்தப் பையன் ரபீஉல் அவ்வலில் நோன்பைத் தொடங்கினான். அறுபது நாளும் மஃரிபுக்குப் பள்ளிவாசலிலேயே நோன்பு திறந்தான். முடித்தபின் ஒருநாள் அத்தாவை அழைத்துக்கொண்டு மலையேறி இறந்தவரின் வீட்டுக்குப் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது, அந்த வீட்டார் கொடுத்தனுப்பிய ஒரு பை புளி அவன் கையில் இருந்தது.

நம் வீட்டு வாசலில் இன்று ஒரு சாவி தொங்குகிறது. அதை எடுத்துக் கொடுக்கும் தகப்பன்மார்களே, "தெருமுனை வரைக்கும்தானே" என்று கேட்டு வாங்கிக் கொடுக்கும் தாய்மார்களே! பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து விபத்து நேர்ந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோருக்கே மூன்றாண்டு வரை சிறை என்கிறது. அந்தச் சட்டத்துக்காக அஞ்சுவது இருக்கட்டும். சாவியைக் கொடுக்கும் முன், இதனால் ஓர் உயிர் போனால் அந்த அறுபது நோன்பை நம் பிள்ளை தாங்குவானா, அவனுக்குச் சாவியைக் கொடுத்த கை என்ன பதில் சொல்லும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

நம் கையாலும் வாகனத்தாலும் மௌனத்தாலும் எவருக்கும் தீங்கு நேராமல் வல்ல அல்லாஹ் காப்பானாக! தவறிவிட்டால் அதை மறைக்காமல் ஏற்றுக்கொள்ளும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம்.